அன்பு பழகும் இடம்: லெ ஷாம்போன் கிராமமும் பிறரன்பு பற்றிய ஒரு கேள்வியும்

1. கேள்வி

கிறிஸ்தவத்தில் பிறரன்பு கட்டளையாகவே வருகிறது. இயேசு தம் கடைசி இரவில் சீடர்களுக்கு இட்ட புதிய கட்டளை என்று யோவான் நற்செய்தி அதைப் பதிவுசெய்கிறது. திருச்சட்டம் முழுவதையும் தாங்கும் இரு கட்டளைகளில் ஒன்றாக மத்தேயு அதை வைக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஞாயிறுதோறும் இந்தக் கட்டளை வாசிக்கப்படுகிறது, விளக்கப்படுகிறது, பாடப்படுகிறது. அப்படியிருந்தும் அதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் தனக்கு அறிமுகமில்லாத, தன் இனத்தவரோ மதத்தவரோ அல்லாத இன்னொருவருக்காக இழப்பை ஏற்கும் நிலைக்கு எப்படி வந்துசேர்கிறார் என்பது தெளிவாக ஆராயப்படாமலே இருக்கிறது. கேட்டதனால் வருகிறதா? உணர்ச்சி பொங்குவதனால் வருகிறதா? செய்து பழகுவதனால் வருகிறதா?

இக்கேள்வியைக் கூர்மையாக்கிய ஓர் ஆய்வு 1973இல் வெளிவந்தது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒரு சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய் அவர்கள் சிற்றுரை ஆற்றவேண்டும். ஒரு பகுதியினருக்குத் தரப்பட்ட தலைப்பு நல்ல சமாரியன் உவமை. மற்றவர்களுக்கு இறையியல் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு. போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகுவார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த நடிகர். நேரமாகிவிட்டது என்று விரட்டி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் உதவ நின்றார்கள். அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் நின்றார்கள். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற நினைவால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள். உவமையைப் பற்றிப் பேச விரைந்த சிலர் கீழே கிடந்தவரைத் தாண்டியே போயிருக்கிறார்கள்.

இந்த ஆய்வு மேடைகளில் பலமுறை எடுத்துச் சொல்லப்படுகிறது. இரண்டு ஆண்டுகளில் வந்த மறுப்பை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. அந்தோணி கிரீன்வால்ட் 1975இல் அதே எண்களை மீண்டும் கணக்கிட்டார். சமாரியன் தலைப்பைப் பெற்றவர்களில் 53 விழுக்காட்டினரும் வேலைவாய்ப்புத் தலைப்பைப் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினரும் உதவியிருக்கிறார்கள் என்பதைச் சுட்டி, நாற்பது பேரை மட்டும் கொண்ட ஒரு சோதனையிலிருந்து உவமைக்குப் பலனே இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்றார். அவர் சொன்னது சரி. ஆயினும் அவசரம் அன்பைத் தின்றுவிடுகிறது என்ற அடிப்படைச் செய்தி அந்தத் திருத்தத்தால் மாறிவிடவில்லை.

இதற்கு நேர்மாறான சான்று பிரான்சின் மலைக்கிராமம் ஒன்றில் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஆயிரக்கணக்கான அகதிகள் மறைத்துவைக்கப்பட்டுக் காப்பாற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். உதவுவதற்குத் தரவேண்டிய விலை சிறையாகவும் சாவாகவும் இருந்த காலம் அது. இறையியல் படித்தவர்கள் அமைதியான கல்லூரி வளாகத்தில் நிற்காமல் போனார்கள். மலைக்கிராமத்துக் குடியானவர்கள் உயிருக்கு அஞ்சவேண்டிய நேரத்தில் கதவைத் திறந்தார்கள். இரு கூட்டத்தாரும் ஒரே வேதத்தை வாசித்தவர்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இறையியலாளர்கள் சொன்னவை

அன்பைக் கட்டளையிட முடியுமா என்ற ஐயத்தை மிகத் தெளிவாக எழுப்பியவர் கான்ட். விருப்பம் என்ற பொருளில் அன்பைக் கட்டளையிட முடியாது, கடமையாக நன்மை செய்வதைக் கட்டளையிடலாம் என்று அவர் 1785இல் எழுதினார். கியர்க்ககோர் 1847இல் வெளியிட்ட ‘அன்பின் செயல்கள்’ என்னும் நூலில் இதைத் திருப்பிப் போட்டார். கட்டளையாக இருப்பதாலேயே கிறிஸ்தவ அன்பு மனநிலையின் ஏற்றத்தாழ்வுகளுக்குத் தப்பி நிற்கிறது என்பது அவருடைய வாதம். இருவருமே அன்பு செலுத்தும் தனி மனிதரை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது என் குறை. அந்த மனிதரைச் சுற்றி ஒரு குடும்பமும் சபையும் ஊரும் இருப்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

அவர்களுக்கு மிகவும் முற்பட்ட தாமஸ் அக்குவினாஸ் இந்த விஷயத்தில் நமக்கு அதிகம் உதவுகிறார். இறையன்பு கடவுளால் ஊட்டப்படுவது, மனிதர் தாமாக ஈட்டிக்கொள்வதன்று என்பது அவர் நிலைப்பாடு. ஆனாலும் அன்பின் ஒவ்வொரு செயலும் அந்த அன்பை உடனே பெருக்காவிட்டாலும் அது பெருகுவதற்கு உள்ளத்தைப் பதப்படுத்துகிறது என்று அவர் கூட்டிச் சொல்கிறார். கொடையும் பழக்கமும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பது இதன் உட்பொருள்.

மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நோயாளிகளைச் சந்திப்பது பற்றிய 1786ஆம் ஆண்டுப் பிரசங்கத்தில், உதவியை ஆள்மூலம் அனுப்பிவைப்பது போதாது, நேரில் போகவேண்டும் என்று வற்புறுத்துகிறார். பணக்காரர்களிடம் ஏழைகள்பால் பரிவு குன்றியிருப்பதற்கு அவர்கள் ஏழைகளின் வீட்டுக்குப் போகாததே பெரிய காரணம் என்பது அவர் கணிப்பு. போய்ப் பார்க்கும் செயலே போகிறவருக்கும் அருள் வரும் வழி என்கிறார். வறியவர் பயன்பெறுவதோடு கதை முடிவதில்லை, கொடுப்பவரின் உள்ளமும் அங்கேதான் உருவாகிறது. இந்த ஆய்வுக்கு வெஸ்லியின் இக்கருத்தையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

3. பீடபூமியும் அதன் நினைவும்

அந்த மலைக்கிராமமான லெ ஷாம்போன்-சூர்-லின்யோன் தென்மத்திய பிரான்சில் ஓத்-லுவார் மாவட்டத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் அமைந்தது. நீண்ட பனிக்காலம். சிதறிக்கிடக்கும் பண்ணை வீடுகள். பிரான்ஸ் முழுவதையும் எடுத்துக்கொண்டால் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லாத காலத்தில் இந்தப் பீடபூமியில் அவர்களே பெரும்பான்மை. ஹ்யூகெனோட்டுகள் எனப்பட்ட அவர்களுடைய முன்னோருக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் அரசாணையை 1685இல் பதினான்காம் லூயி நீக்கினான். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு அவர்கள் காடுகளிலும் குன்றுகளிலும் ஒளிந்து கூடினார்கள். போதகர்கள் தூக்கிலிடப்பட்டார்கள், ஆண்கள் துடுப்புக் கப்பல்களில் அடிமைகளாகச் சங்கிலியில் பிணைக்கப்பட்டார்கள். நம்பிக்கையைக் கைவிட மறுத்த மரி துராந் என்ற பெண் 1730 முதல் 1768 வரை 38 ஆண்டுகள் எக்மோர்த் நகரக் கோபுரச் சிறையில் கிடந்தார். அக்கோபுரத்தின் கல்லில் எதிர்த்து நில் என்ற பொருள்படும் ஒற்றைச் சொல் இன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது.

துன்புறுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் துன்புறுத்தப்படுபவர்களை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பது இந்தக் கிராமத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். இதில் உண்மை உண்டு. ஆனால் துன்பத்தின் நினைவு தானாக இரக்கத்தைப் பிறப்பிப்பதில்லை. பழிவாங்கும் வெறியையும் அது பிறப்பிக்கும் என்பதை உலக வரலாறு பல இடங்களில் காட்டியிருக்கிறது. நினைவை இரக்கத்தின் பக்கம் திருப்பிவிட வேறு சில காரணங்கள் இருந்திருக்கவேண்டும்.

அவற்றுள் ஒன்று அதிகம் பேசப்படாதது. 1893இல் லூயி கோந்த் என்ற போதகர், சேந்த்-எத்தியென் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களின் நலிந்த பிள்ளைகளைக் கோடைக் காலத்தில் இந்த மலைப்பண்ணைகளுக்கு அனுப்பும் அமைப்பொன்றை ஏற்படுத்தினார். புகையிலும் நெரிசலிலும் வளர்ந்த குழந்தைகள் மலைக்காற்றும் பாலும் ரொட்டியும் பெற்றுத் திரும்பினார்கள். ஆகவே 1940இல் அகதிக் குழந்தைகள் வந்தபோது, அந்நியர் பிள்ளைக்குத் தன் வீட்டில் படுக்கை போடுவது அப்பண்ணைக்காரப் பெண்களுக்குப் புதிய வேலையாக இல்லை. அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் ஏறக்குறைய அரை நூற்றாண்டாகச் செய்துவந்ததுதான். இதைக் கூலியில்லாத் தியாகமாக நினைக்கவேண்டியதில்லை. பிள்ளைகளைத் தங்கவைத்ததற்குக் குடும்பங்கள் பணம் பெற்றதுண்டு. கோடை விடுதிகள் அந்த ஊரின் வருவாயில் ஒரு பகுதி. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலையிலும் கை பழகுகிறது, மனம் பழகுகிறது.

4. பதின்மூன்று இளைஞர்கள்

1934இல் இக்கிராமச் சபைக்குப் போதகராக வந்தவர் ஆந்த்ரே த்ரொக்மே. 1901இல் சேன்-கந்தேன் நகரத்தில் பிறந்தவர். பத்து வயதில் கார் விபத்தில் தாயை இழந்தார். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த அந்த ஊரில் ஆயுதம் ஏந்த மறுத்த ஜெர்மன் படைவீரர் ஒருவரைச் சிறுவயதில் சந்தித்தது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அதே ஊரில் தொழிலாளர் பிள்ளைகள் கூடிய ஒரு சிறு ஜெபக்குழுவில் சேர்ந்தார். அங்கே ஒருவர் துயரத்தை மற்றவர் வெளிப்படையாகச் சுமந்ததைக் கண்டார். பிற்காலத்தில் அவர் செய்ததற்கெல்லாம் வித்து அந்தக் குழுவில் இருந்தது என்றே ஃபிலிப் ஹாலி கருதுகிறார். ஹாலி 1979இல் எழுதிய நூல்தான் இக்கிராமத்தை உலகறியச் செய்தது.

த்ரொக்மேயும் அவருடன் போதகராகப் பணியாற்றிய எடுவார் தெய்ஸும் 1938இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். அமைதியையும் நாடுகளுக்கிடையேயான உறவையும் கற்பிக்கும் பள்ளியாக அது திட்டமிடப்பட்டது. வேலை பறிக்கப்பட்ட அகதி ஆசிரியர்களுக்கு இடம் தந்தது. போர்க்காலத்தில் அதன் மாணவர் தொகை சில நூறாகப் பெருகியது. அவர்களுக்குள் பொய்ப்பெயரில் படித்த யூதப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். புதிய பிள்ளை ஒன்று ஊரில் தென்பட்டால் யாரும் வியக்காத நிலையை அந்தப் பள்ளி உண்டாக்கியிருந்தது.

1940 ஜூன் 22ஆம் தேதி ஜெர்மனியுடன் பிரான்சின் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. த்ரொக்மேயும் தெய்ஸும் சேர்ந்து, மனச்சாட்சிக்கு எதிராகச் செயல்படக் கட்டாயப்படுத்தினால் ஆவியின் ஆயுதங்களால் எதிர்த்து நிற்பதே கிறிஸ்தவர்களின் கடமை என்று ஆலயத்தில் அறிவித்தார்கள். இப்பிரசங்கம் புகழ்பெற்றது. லெ ஷாம்போன் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கோ அதைவிட முக்கியமாகப் படுவது பிரசங்கத்துக்கு வெளியே நடந்தது.

பொறுப்பாளர்கள் என்று அழைக்கப்பட்ட பதின்மூன்று இளைஞர்கள் இருவாரத்துக்கு ஒருமுறை போதகர் இல்லத்தில் கூடினார்கள். வேதத்தின் ஒரு பகுதியை எடுத்து விவாதித்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் பகுதிக்குப் போய்ப் பண்ணை வீடுகளில் சிறு கூட்டங்களை நடத்தினார்கள். அங்கே போதகர் இருக்கமாட்டார். குடியானவர்கள் தாமே அந்தப் பகுதியை வாசித்து, தம் நிலையில் அது என்ன கேட்கிறது என்று பேசிக்கொள்வார்கள். நெருக்கடி வந்தபோது இந்த வலை அப்படியே செய்திகள் செல்லும் பாதையாக, அடைக்கல வீடுகளைக் கண்டறியும் ஏற்பாடாக மாறியது. இதற்கென்று தனியாக ஒரு தலைமறைவு இயக்கத்தைக் கட்டவேண்டியிருக்கவில்லை. இக்கட்டான நேரங்களில் என்ன செய்வது என்ற தெளிவு அக்குழுக்களில்தான் தமக்குக் கிடைத்தது என்று த்ரொக்மேயும் எழுதிவைத்திருக்கிறார்.

பிரின்ஸ்டன் மாணவருக்கும் இந்தக் குடியானவருக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படத் தொடங்குகிறது. மாணவர் உவமையைப் பிறருக்கு விளக்கப் போனார். குடியானவரோ தன் வீட்டு அடுப்படியில், அண்டை வீட்டார் முன்னிலையில், நாளை யாரேனும் வந்தால் எந்தக் கொட்டகையில் படுக்கவைப்பது என்ற கேள்வியோடு சேர்த்தே அதை வாசித்தார். அவரைப் பொறுத்தவரை முடிவு ஏற்கெனவே பலருடன் சேர்ந்து எடுக்கப்பட்டுவிட்டது. அவசரம் வந்தபோது தனியாக யோசிக்கவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

5. மக்தாவின் சமையலறை

1940-41 பனிக்காலத்தில் போதகர் இல்லத்தின் கதவைத் தட்டிய ஜெர்மன் யூதப் பெண்ணை உள்ளே அழைத்தவர் ஆந்த்ரேயின் மனைவி மக்தா. உணவும் கணப்பும் தந்தபின், அப்பெண்ணுக்கு ஏதேனும் ஆவணம் வாங்கலாம் என்று ஊர்த்தலைவரிடம் நேராகச் சென்றார். அந்நியர் ஒருவருக்காக ஊர்மக்களை ஆபத்தில் தள்ளுவதா என்று ஊர்த்தலைவர் மறுத்துவிட்டார். அப்பெண்ணை வேறிடத்துக்கு அனுப்பவேண்டியதாயிற்று. இனிமேல் அதிகாரிகளிடம் கேட்கக்கூடாது என்பதை மக்தா அப்போது தெரிந்துகொண்டார். அன்பு நல்லெண்ணத்தோடு நின்றுவிட முடியாது, யாரிடம் எதைச் சொல்லலாம் என்ற விவேகத்தையும் கற்கவேண்டும். அடுத்த ஆண்டுகளில் இந்த ஊர் அதைத்தான் கற்றது.

மக்தா என் வாதத்துக்கு ஒரு சவாலும்கூட. சமயக் கோட்பாடுகளில் கணவருக்கு இருந்த உறுதி அவருக்கு இல்லை. தாம் உதவி செய்தது பக்தியால் என்று சொல்வதையும் அவர் விரும்பவில்லை. தேவை கதவருகே வந்து நின்றது, ஆகவே செய்தோம் என்பதே அவர் விளக்கம். ஊராரும் தம்மை நல்லவர்கள் என்று புகழ்ந்தபோது எரிச்சலுற்றதை ஹாலி பதிவுசெய்கிறார். அப்படியானால் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இதில் என்ன பங்கு?

என் விடை இது: மக்தா என்ன நம்பினார் என்பதோடு அவர் எங்கே வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். போதகர் இல்லம் என்பது நூற்றாண்டுகளின் வழக்கப்படி யாரும் தட்டக்கூடிய வீடு. அதன் மேசையில் எப்போதும் ஒருவர் கூடுதலாக அமரலாம். அந்த வழக்கத்தை உருவாக்கியது நம்பிக்கை. நம்பிக்கை வழக்கமாகக் கெட்டிப்பட்ட ஓர் இடத்தில், தனிப்பட்ட ஐயங்கள் உள்ளவரும் அன்பின் செயலைச் செய்ய முடிகிறது. மக்தாவின் இயல்பான துணிவை இது குறைத்துச் சொல்வதாகாது. அத்துணிவு வெளிப்பட ஒரு வாசல் தேவைப்பட்டது, அது அங்கே இருந்தது.

6. சான்றுகளும் அவற்றின் சிக்கலும்

மீட்பின் பரப்பை முதலில் பார்ப்போம். மார்செய் நகரில் பணியாற்றிய அமெரிக்கக் குவேக்கர் பர்ன்ஸ் சால்மர்ஸைச் சந்தித்த த்ரொக்மே, தென்பிரான்சின் தடுப்பு முகாம்களில் பணிசெய்ய முன்வந்தார். முகாம்களிலிருந்து குழந்தைகளை வெளியே கொண்டுவரலாம், அவர்களை ஏற்றுக்கொள்ள ஓர் ஊர்தான் இல்லை என்றார் சால்மர்ஸ். லெ ஷாம்போன் அந்த ஊராக இருக்கச் சபையின் ஆலோசனைக் குழு இசைந்தது. குவேக்கர்களும் சுவிஸ் உதவி நிறுவனமும் சிமாத் என்ற பிரெஞ்சுச் சீர்திருத்தத் திருச்சபை இளைஞர் அமைப்பும் பணம் தந்து பிள்ளைகளுக்கான இல்லங்களை நடத்தினார்கள். 1940 டிசம்பர் முதல் 1944 செப்டம்பர் வரை பீடபூமியில் அடைக்கலம் பெற்றவர்கள் சுமார் 5,000 பேர், அவர்களில் யூதர் 3,000 முதல் 3,500 வரை என்று அமெரிக்காவின் யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகம் மதிப்பிடுகிறது. இதைவிடக் குறைந்த எண்ணிக்கையைச் சொல்லும் வரலாற்றாளர்களும் உண்டு. மறைவாகச் செய்யப்பட்டதற்குப் பதிவேடு இருக்காது என்பதால் இந்த விவாதம் எளிதில் தீராது.

ஹாலியின் நூல் த்ரொக்மேயை நடுவில் நிறுத்தியது. அதன் குறை அதுவே. சுற்றியிருந்த மற்ற கிராமங்கள், டார்பியர் எனப்பட்ட கண்டிப்பான சிறு சபையினர், கத்தோலிக்கர், கடவுள் நம்பிக்கையற்றவர், யூத மீட்பு அமைப்புகள், பொய் அடையாள அட்டைகளை ஆயிரக்கணக்கில் தயாரித்த ஆஸ்கர் ரொசோவ்ஸ்கி என்ற யூத இளைஞர் ஆகியோர் அதில் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். 2014இல் கரோலின் மூர்ஹெட் எழுதிய நூல் இவர்களை முன்னுக்குக் கொண்டுவந்தது. அதேசமயம் அதில் பிழைகள் மலிந்திருப்பதாக, அப்பீடபூமியில் பிறந்தவரும் அதைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவருமான பியேர் சொவாஜ் கடுமையாகச் சாடினார். லெ புய் நகரில் இருந்த ஜெர்மன் அதிகாரி ஷ்மேலிங் எவ்வளவு தூரம் கண்டும் காணாமல் இருந்தார் என்பதிலும் கருத்தொற்றுமை இல்லை. இந்தத் திருத்தங்கள் எல்லாம் என் பார்வைக்கு வலுச்சேர்க்கின்றன. ஒரு மாமனிதரின் கதையாக இருந்தால் நாம் வியந்துவிட்டுப் போய்விடலாம். பலர் பழகிய பழக்கமென்றால் அது எப்படி உண்டானது என்று ஆராயவேண்டும்.

இன்னும் பெரிய மறுப்பு ஒன்று உண்டு. யூதர்களை வேட்டையாடிய ஐரோப்பா திருமுழுக்குப் பெற்ற ஐரோப்பா. அதே வேதத்தை வாசித்த ஜெர்மன் சபைகளில் கணிசமானவை ஹிட்லரை வரவேற்றன. பிரான்சிலும் தூலூஸ் பேராயர் சலியேஜ் 1942 ஆகஸ்டில் சுற்றுமடல் விடுக்கும்வரை ஆயர்கள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. நம்பிக்கை அன்பை வளர்க்கும் என்று பொதுவாகச் சொல்வதற்கு இச்சான்றுகள் இடம் தரவில்லை. சாமுவேல் ஒலினரும் பெர்ல் ஒலினரும் யூதரைக் காப்பாற்றியவர்கள், காப்பாற்றாதவர்கள், உயிர்தப்பியவர்கள் என எழுநூறு பேர் அளவில் பேட்டிகண்டு 1988இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்துகிறது. மதப்பற்றின் அளவைக் கொண்டு காப்பாற்றியவர்களையும் காப்பாற்றாதவர்களையும் பிரித்துவிட முடியவில்லை. காப்பாற்றியவர்களின் பெற்றோர் அடித்து வளர்க்காமல் காரணம் சொல்லி வளர்த்தவர்கள். நீதியும் பரிவும் எல்லா மனிதருக்கும் உரியவை என்று வீட்டில் கற்பித்தவர்கள். இன்னொரு செய்தி இங்கே முக்கியம்: காப்பாற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர், யாரோ வந்து கேட்டதால்தான் உதவத் தொடங்கினார்கள். கேட்கக்கூடிய தூரத்தில் இருப்பதும், கேட்கலாம் என்று பிறர் நம்பும்படி இருப்பதும் அன்பின் முன்நிபந்தனைகள்.

நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளை ஆராய்ந்து ராபர்ட் பிரவுன் 2019இல் வெளியிட்ட நூல் மற்றொரு கோணத்தைத் தருகிறது. கத்தோலிக்கர் சிறுபான்மையாக இருந்த இடங்களில் கத்தோலிக்கச் சபைகளும், சீர்திருத்தச் சபையினர் சிறுபான்மையாக இருந்த இடங்களில் அவர்களும் யூதரை அதிகம் காப்பாற்றினார்கள் என்று அவர் காட்டுகிறார். இடருக்குள்ளானவரோடு ஒன்றிப்போகும் மனநிலையும், ரகசியத்தைக் காக்கும் நெருங்கிய உறவுவலையும் சிறுபான்மைச் சபைகளுக்கு இருந்தன என்பது அவர் விளக்கம். கொள்கை எந்தச் சபையுடையது என்பதைவிட அச்சபை எப்படி வாழ்ந்தது என்பது கனமான காரணமாகிறது. பெரும்பான்மையாக, அதிகாரத்தோடு ஒட்டி வாழும் திருச்சபைகள் அஞ்சவேண்டிய முடிவு இது.

7. விலையும் தவிப்பும்

1942 ஜூலையில் பாரிசில் இரண்டே நாளில் பதின்மூவாயிரம் யூதர்கள் பிடிக்கப்பட்டார்கள். அடுத்த மாதம், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசின் இளைஞர் நலப் பொறுப்பாளர் லாமிராந் லெ ஷாம்போனுக்கு வந்தபோது மாணவர்கள் அவரிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். தங்களிடையே யூதர்கள் இருப்பதையும் தாங்கள் வேறுபாடு பார்ப்பதில்லை என்பதையும் பிடிக்க வந்தால் மறைப்போம் என்பதையும் வெளிப்படையாகவே அதில் எழுதியிருந்தார்கள். சில வாரங்களில் போலீஸ் பேருந்துகள் வந்தன. யூதர்களின் பெயர்ப்பட்டியல் தர த்ரொக்மே மறுத்துவிட்டார். பண்ணைகளுக்கும் காடுகளுக்கும் செய்தி முன்னதாகவே போய்விட்டது. பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின.

1943 பிப்ரவரியில் த்ரொக்மே, தெய்ஸ், ஊர்ப்பள்ளித் தலைமையாசிரியர் ரொஜே தார்சிசாக் மூவரும் கைதானார்கள். அரசுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்திட்டால் விடுதலை என்றபோது போதகர்கள் இருவரும் மறுத்தார்கள். பிறகு கையெழுத்தில்லாமலே விடுவிக்கப்பட்டார்கள். அவ்வாண்டு ஜூன் 29ஆம் தேதி ஜெர்மன் போலீஸ் மாணவர் இல்லம் ஒன்றில் புகுந்து பதினெட்டு மாணவர்களையும் இல்லப் பொறுப்பாளர் டேனியல் த்ரொக்மேயையும் பிடித்துச் சென்றது. யூதர் என்று கண்டறியப்பட்ட ஐந்து மாணவர்கள் அவுஷ்விட்சில் மாண்டார்கள். டேனியல், ஆந்த்ரேயின் ஒன்றுவிட்ட உறவினர், 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் மருத்துவர் ரொஜே லெ ஃபொரெஸ்தியே அவ்வாண்டு ஆகஸ்டில் லியோன் அருகே சுட்டுக்கொல்லப்பட்டார்.

உயிரிழப்போடு மனச்சாட்சியின் தவிப்பும் உண்டு. பொய் சொல்லாதே என்ற கட்டளையைச் சிறுவயது முதல் கற்றவர்கள், பொய் அட்டைகளையும் பொய்ப்பெயர்களையும் கையாளவேண்டியிருந்தது. த்ரொக்மே தாமே தலைமறைவானபோது பொய்ப்பெயரில் ஒரு அட்டையைச் சுமந்தார். லியோன் ரயில் நிலையத்தில் பிடிபட்ட வேளையில், விசாரித்தால் உண்மைப் பெயரைச் சொல்லிவிடுவது என்றே தீர்மானித்தார். அதற்குள் தப்ப வாய்த்தது. இந்தத் தவிப்பைப் பலவீனமாகக் கருதுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு கட்டளைக்காக இன்னொன்றை மீறவேண்டிய இடத்தில் வலி இல்லாமல் மீறுபவர், நாளை வேறெதையும் வலி இல்லாமல் மீறக்கூடும். பிறரன்பு வளர்ந்திருப்பதன் அடையாளங்களில் அந்த வலியும் ஒன்று.

பிரின்ஸ்டன் ஆய்வில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு பகுதி இதோடு தொடர்புள்ளது. நின்று உதவிய மாணவர்களுக்குள்ளும் வேறுபாடு இருந்தது. கோட்பாட்டில் மிக உறுதியானவர்களில் சிலர், கீழே கிடந்தவர் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றபோதும் விடாமல் வற்புறுத்தினார்கள். தம் நம்பிக்கையைக் கேள்விகளோடு சுமந்தவர்கள் அவர் சொன்னதைக் கேட்டு அதற்கேற்ப நடந்துகொண்டார்கள். லெ ஷாம்போனில் வந்த யூதர்களை மதம் மாற்றும் முயற்சியை ஊரார் மேற்கொள்ளவில்லை என்பதையும் இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். அவர்கள் யூதர்களாக இருக்கும்படியே காப்பாற்றப்பட்டார்கள். கொடுப்பவரின் தேவைக்காகக் கொடுக்கப்படும் உதவிக்கும் பெறுபவரை மதித்துத் தரப்படும் உதவிக்கும் உள்ள இடைவெளி இதுதான்.

8. முடிபு

கிறிஸ்தவ நம்பிக்கை பிறரன்பை வளர்க்கிறதா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற விடைகள் இரண்டுமே பொருந்தவில்லை. நம்பிக்கை பிரசங்கமாகவும் உணர்ச்சியாகவும் மட்டும் இருந்த இடங்களில் அவசரமும் அச்சமும் அதை வென்றிருக்கின்றன. நம்பிக்கை பண்ணை வீட்டுக் கூட்டமாக, அந்நியர் பிள்ளைகளை ஏற்கும் கோடை வழக்கமாக, பள்ளியாக, தட்டக்கூடிய கதவாகப் பல்லாண்டு பழகப்பட்ட இடத்தில் அது நெருக்கடியைத் தாங்கியது. 1942இல் பேருந்துகள் வந்தபோது அந்த ஊர் புதிதாக அன்பு செய்யத் தொடங்கவில்லை. 1893இலேயே தொடங்கிவிட்டது, அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது.

இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் ஆந்த்ரே த்ரொக்மேயை 1971இல் சிறப்பித்தது. 1990இல் லெ ஷாம்போனையும் அதன் சுற்றுவட்ட ஊர்களையும் ஒட்டுமொத்தமாகச் சிறப்பித்தது. ஓர் ஊருக்கே அப்படிச் சிறப்புச் செய்வது மிக அரிது. இந்த ஊரின் வரலாற்றுக்கு அதுவே பொருத்தம்.

நம் சபைகள் ஆண்டுத் திட்டம் வகுக்கும்போது கன்வென்ஷன் கூட்டங்களுக்கும் கட்டட நிதிக்கும் நேரம் ஒதுக்குகின்றன. அதே கூட்டத்தில் இன்னொன்றையும் கேட்கவேண்டும் என்று வேண்டுகிறேன்: நம் சபையைச் சேராத ஒருவர், நம் சாதியையோ மதத்தையோ சேராத ஒருவர், இரவில் தட்டக்கூடிய வீடுகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன? அப்படி ஒன்றும் இல்லையென்றால், ஒரே ஒரு வீட்டிலிருந்து இந்த ஆண்டே தொடங்கலாம்.